பதினான்கு நாட்களுக்குள் பதில் அனுப்பவும்

மகன், அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகம். நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்று ஐந்து நேரத் தொழுகையிலும் கேட்கிறேன். இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று நீ சிரிப்பாய். வாட்ஸ்அப்பில் குரலைப் பதிந்து அனுப்பினால் போதாதா என்றும் கேட்பாய். போதாது. குரலைப் பதிந்தால் எனக்கு அழுகை வந்துவிடும், நீ பதறிப்போய் உடனே போனில் கோல் எடுப்பாய், நான் சொல்ல வந்ததை விட்டுவிட்டு "சாப்பிட்டியா மகன்" என்று கேட்டு வைத்துவிடுவேன். நீ போன நாளிலிருந்து அப்படித்தான் நடக்கிறது. அதனால்தான் முன் ஹோலில் உள்ள மேசையைத் துடைத்து, நீ விட்டுப்போன நல்ல பேனையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இது நீண்ட கடிதம். வேலைக்கு நடுவில் வாசிக்காதே. அறைக்குப் போய் உட்கார்ந்து வாசி.

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து நீ எடுத்த கோலிலிருந்தே தொடங்குகிறேன். "உம்மா, நான் படிப்பிக்க வந்தனா, இல்லாட்டி போம் நிரப்ப வந்தனா?" என்றாய். முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. டீச்சர் வேலையில் இருபத்திரண்டு வருடமாக நான் கேட்டுக்கொண்டிருக்கிற கேள்வியை நீ மாலைதீவுக்குப் போன எட்டு மாதத்தில் கண்டுபிடித்துவிட்டாய். பிறகு நீ சொன்னது சிரிக்கக்கூடியதாக இருக்கவில்லை. "வரவு இடாப்பு, பாடக்குறிப்பு, மாத அறிக்கை, ஒவ்வொண்டையும் ரெண்டு தரம் எழுதுறன் உம்மா. முதல் ஒரு கொப்பியில, பிறகு சரி பார்த்து மற்றதில. மற்ற டீச்சர்மார் அஸர் தொழுதிட்டுக் கடற்கரைக்குப் போறாங்க. நான் மட்டும் உள்ளுக்க இருந்து எழுதுறன். ஒரு கோடு வளைஞ்சாலும் நெஞ்சு அடிக்குது. எனக்கு இந்த வேலை சரிவராது போல. அண்டைக்கும் என்ட பதிவு சரியில்லாமத்தானே அந்த இடம் போச்சு. குடுத்திட்டு வந்திடவா?" நான் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. லைன் அறுந்துவிட்டது என்று நினைத்து நீ ஹலோ ஹலோ என்றாய். "என்ட கடிதம் வாற வரைக்கும் ராஜினாமா எழுதாத" என்று மட்டும் சொன்னேன். என்ன கடிதம் என்று கேட்டாய். வரும், பார் என்றேன். இதுதான் அது.

முதலில் வேலையைப் பற்றிப் பேசுவோம். எனக்கு அதுதான் இலேசு. எதையும் இரண்டு தரம் எழுதாதே. வரவை வகுப்பிலேயே, ஆளின் முகத்தைப் பார்த்து, அந்த இடத்திலேயே மையால் போடு. பாடக்குறிப்பை முதல் நாள் எழுது, பாடம் முடிந்ததும் கீழே இரண்டு வரி போதும்: எது அவர்களுக்கு விளங்கியது, எது விளங்கவில்லை. மேலதிகாரி வாசிப்பார் என்று நினைத்து எழுதாதே. நீ காய்ச்சலில் படுத்தால் உன் வகுப்பை எடுக்க வருகிறவர் வாசிப்பார் என்று நினைத்து எழுது. அறிக்கையில் "பலவீனமானவர்" என்று ஒருவரையும் எழுதிவிடாதே. அவருக்கு என்ன சொல்ல வருகிறது, எதில் நாக்கு நிற்கிறது என்று எழுது. வெற்றுத் தாளில் ஒருநாளும் கையெழுத்து வைக்காதே, யார் கேட்டாலும் சரி. அனுப்புகிற எல்லாவற்றுக்கும் ஒரு பிரதி வை. பிழை வந்தால் வெள்ளை மை பூசாதே. மேலே ஒரு கோடு, பக்கத்தில் சரியானது, அதற்குப் பக்கத்தில் உன் சுருக்கொப்பமும் திகதியும். அடியில் இருக்கிற பிழையை யாரும் வாசிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். நாலு பேரோடு சேர்ந்து அஸருக்குப் பிறகு நீயும் கடற்கரைக்குப் போ.

உம்மா இப்படிக் கடதாசிப் பைத்தியமாக இருக்கிறாளே என்று வாப்பாவும் நீயும் என்னைக் கேலி செய்வீர்கள். வாப்பா வெங்காய லொறியில் ஏறும்போதுகூட "டீச்சர், நான் வெளிக்கிட்டதுக்கு ஒரு ரசீது தாங்க" என்பார். ஏன் என்று உனக்குக் கொஞ்சம்தான் தெரியும். தொண்ணூறில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் எல்லாரையும் வெளியேற்றி, நாங்கள் மன்னாரை விட்டு வந்தபோது எனக்குப் பதினைந்து வயது. கையில் எடுத்துக்கொண்டு வந்தது ஒரு உடுப்புப் பை. பள்ளிக்கூடத்து விடுகைப் பத்திரம், பிறப்புச் சான்றிதழ், பரிசு வாங்கிய அத்தாட்சி எல்லாம் அலுமாரியில் கிடந்தன. ஒரு கிழமையில் திரும்பிப் போவோம் என்றுதான் எங்கள் வாப்பா அலுமாரியைப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டார். இங்கே கற்பிட்டிப் பக்கத்து முகாமில் கிடுகுக் கொட்டிலில் இருந்துகொண்டு பள்ளிக்கூடத்தில் சேரப் போனால், எந்த வகுப்பு வரைக்கும் படித்தாய் என்பதற்கு என்ன சாட்சி என்று கேட்டார்கள். நான்தான் சாட்சி என்றேன். அது போதவில்லை. எனக்குத் தெரிந்த பாடத்தை எனக்குத் தெரியாது என்று வைத்து, இரண்டு வகுப்புக் கீழே உட்கார வைத்தார்கள். எனக்கு முன்னால் இருந்தவளின் தலை என் நெஞ்சு மட்டத்துக்குத்தான் வந்தது. ஒருவர் எழுதாமல் விட்ட ஒரு வரி இன்னொருவரின் வயதையே தின்றுவிடும் என்று அன்றைக்கு எனக்கு விளங்கியது. இதை நினைவில் வைத்துக்கொள். பின்னால் நான் சொல்லப்போவதை வாசிக்கும்போது, இவளுக்கா இது தெரியாமல் போயிற்று என்று நீ கேட்க வேண்டும். தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

தெரியாமல் செய்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரியட்டும். கற்பிட்டியில் நம் மொழிப் பள்ளியில் சேர்ந்த முதல் வருடம். தமிழ் ஆட்களுக்குச் சிங்களம் படிப்பித்தேன். நாற்பது பேர். வகுப்பில் இடாப்பு எடுத்தால் நேரம் போகிறது என்று, எத்தாளைக்கு, நம் வீட்டுக்கு வருகிற பஸ்ஸில் உட்கார்ந்து ஞாபகத்தில் போடுவேன். பரீட்சைப் பட்டியல் போனபோது ஸ்டெல்லா என்ற பெண்ணின் பெயர் அதில் இல்லை. வரவு போதாது. அவள் கருவாட்டு வாடியில் வேலை செய்கிறவள். ஆஸ்பத்திரியில் தன் பிள்ளைக்கு என்ன வருத்தம் என்று சொல்லத் தெரியாமல் நின்றதால்தான் படிக்க வந்தவள். வந்து என் மேசைக்கு முன்னால் நின்றாள். சத்தம் போடவில்லை. "டீச்சர், நான் ஒரு நாளும் விடாம வந்தன். கருவாட்டு மணம் மற்ற ஆக்களுக்கு ஒத்துக்கொள்ளாதெண்டு பின்னுக்கு, கதவோரம் இருந்தன். நீங்க காணேல்ல" என்றாள். எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அன்றைக்கே பக்கத்துக் கதிரைக்காரிகளைக் கேட்டு, ஒவ்வொரு பிழைக்கும் மேலே கோடு போட்டு, சுருக்கொப்பம் வைத்து, திருத்தக் கடிதத்தை நானே கொழும்புக்குக் கொண்டுபோனேன். அவள் பரீட்சையில் சித்தியடைந்தாள். இப்போதும் சந்தையில் கண்டால் சிங்களத்தில்தான் சுகம் கேட்பாள். பிழை செய்தவள் உடனே திருத்தினால் அந்தப் பிழை ஒரு சிநேகிதியைக்கூடத் தரும் மகன். திருத்தாமல் வைத்திருந்தால்தான் அது வீட்டுக்குள் வந்து குடியிருக்கிறது.

இனி உன்னுடையதுக்கு வருகிறேன். பேனை நகரமாட்டேன் என்கிறது. எழுந்து தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தேன்.

உன் வாப்பா மௌத்தான வருடம். நீ அப்போது நம் பள்ளியிலேயே இங்கிலீஷ் படிப்பித்துக்கொண்டிருந்தாய். வாப்பா போவதற்கு ஒரு மாதத்துக்கு முன்னால்தான் மாலைதீவில் அந்த முதல் பள்ளி உன்னைக் கம்பியூட்டரில் நேர்முகம் பார்த்தது. வாப்பா ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடியே பார்க்க வருகிற எல்லாருக்கும் சொன்னார். "என்ட மகன் வெள்ளக்காரனுக்கே இங்கிலீஷ் படிப்பிக்கப் போறான்" என்றார். வெள்ளைக்காரனுக்கு இல்லை, ஹோட்டலில் வேலை செய்கிறவர்களுக்கு என்று நீ திருத்தினாலும் அவர் கேட்கவில்லை. அதற்குப் பிறகு அவர் போய்விட்டார். நான் இத்தாவில் உட்கார்ந்தேன். நாலு மாதமும் பத்து நாளும். வெளியே போக முடியாது, அந்நிய ஆண்களைப் பார்க்க முடியாது. பள்ளியில் கந்தோர் வேலை முழுக்க என் தலையில்தான் இருந்தது என்பதால் அதிபர் சேர் ஒரு வழி செய்தார். இடாப்புகளையும் வந்த கடிதங்களையும் பழுப்பு உறையில் போட்டு, ஸ்டேப்பிள் அடித்து, என் பெயரை எழுதி உன்னிடம் தந்துவிடுவார். நீ மோட்டார் சைக்கிளில் கொண்டுவருவாய். நான் வேலையை முடித்து வைத்தால் மறுநாள் காலை நீ எடுத்துப் போவாய். கையெழுத்துக்காக ஒவ்வொன்றும் போய் வந்தால் சுணங்கும் என்று, கையெழுத்தும் முத்திரையும் வைத்த வெற்றுத் தாள்களையும் அவர் அந்த உறைக்குள்ளேயே வைத்துவிடுவார். என் மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. வெற்றுத் தாளில் கையெழுத்து வைக்காதே என்று மேலே ஏன் அழுத்தி எழுதினேன் என்று இப்போது உனக்கு விளங்கும். தாளில் கையெழுத்து வைத்தவர் நல்ல மனிதர். நிரப்ப வேண்டியவள்தான் நல்லவளாக இருக்கவில்லை.

அந்த நாட்களில் எனக்கு உன்னை விட்டால் மனித முகமே இல்லை. மாமிமார் வந்து போவார்கள்தான். அவர்கள் எழுந்து போனதும் வீடு எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியாது, ஏனென்றால் நீ வந்ததும் அது வேறு வீடாகிவிடும். பகல் முழுக்க வெங்காயத் தோட்டத்துத் தண்ணீர் மோட்டார் ஓடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு இருப்பேன். மோட்டார் நின்றதும் உன் சைக்கிள் சத்தத்துக்குக் காது கொடுப்பேன். ஒருநாள் நீ கொண்டுவந்த உறையைத் திறந்தேன். நீ எனக்கு எதிரே இதே மேசையில் இருந்து பாணும் பருப்பும் சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். இடாப்புகளுக்கு நடுவில் இரண்டு தாள்கள், ஈமெயிலில் வந்து சேர் அச்செடுத்தவை. மாலைதீவுப் பள்ளியின் படிவம். உன் பெயர். எப்போது முதல் எப்போது வரை வேலை செய்தார், எந்த வகுப்புகளை எடுத்தார், பதிவேடுகளை ஒழுங்காகப் பேணினாரா, நடத்தை எப்படி. மேலே தடித்த எழுத்தில்: பதினான்கு நாட்களுக்குள் பதில் அனுப்பவும். கீழே சேரின் கையெழுத்தும் முத்திரையும் ஏற்கனவே இருந்தன. நடுவில் பத்து வரி நிரப்ப வேண்டியதுதான் மிச்சம். அந்தப் பத்து வரியும் எனக்கு மனப்பாடம். கால் மணித்தியால வேலை.

நீ "என்ன உம்மா, நிறைய வேலையா?" என்றாய். "இல்ல, வழமையானதுதான்" என்றேன். படிவத்தை மடித்து மடியில் வைத்தேன். நீ கைகழுவ எழுந்தபோது மேசை லாச்சியை இழுத்து அதை உள்ளே போட்டேன். நாளைக்கு நிரப்புவோம் என்றுதான் நினைத்தேன், அல்லாஹ் அறிவான். மறுநாள் காலை நீ தலைக்கவசத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று, "உம்மா, கந்தோருக்குக் குடுக்க ஏதும் இருக்கா?" என்று கேட்டாய். இடாப்புகளைத் தந்தேன். "இவ்வளவுதானா?" "இவ்வளவுதான் மகன்." அடுத்த நாளும் கேட்டாய். அதற்கடுத்த நாளும். ஒவ்வொரு காலையும் அதே வாசலில், அதே கேள்வி. பதினான்கு காலை. நீ கேட்காமல் இருந்திருந்தால் மறந்துவிட்டேன் என்று எனக்கு நானே பொய் சொல்லியிருக்கலாம். நீ பதினான்கு தரம் கேட்டாய். நான் பதினான்கு தரம் இல்லை என்றேன். பதினைந்தாம் நாள் காலை நீ கேட்டபோது எனக்கு நெஞ்சில் பாரம் குறைந்தது. அதைத்தான் எழுதக் கை கூசுகிறது. பாரம் குறைந்தது மகன், இந்த மேசையில் இன்னொரு வருடம் உன் தட்டு இருக்கும் என்று.

அவர்களின் பதில் உனக்கு வந்தது. உன் முன்னைய பணிப் பதிவுகளை உறுதிப்படுத்திக்கொள்ள முடியவில்லை, ஆகவே வருந்துகிறோம் என்று இரண்டு வரி. நீ போனைக் கொண்டுவந்து எனக்குக் காட்டினாய். உன் முகம் வாப்பாவின் மையித்தைத் தூக்கின அன்றைக்கு இருந்ததைப் போலவே இருந்தது. "என்ட பாடக்குறிப்பில மூண்டு மாசம் குறையாக் கிடந்தது. நீங்க அப்பவே ஏசினீங்க. அதாலயா இருக்கும் உம்மா?" என்று கேட்டாய். அந்த இடத்தில் நான் ஒரு சொல் சொல்லியிருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும். லாச்சி உன் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. நான் சொன்னேன்: "அப்பிடித்தான் இருக்கும்." சேரிடம் கேட்டுப் பார்க்கட்டுமா என்று கேட்டாய். "வேணாம், அவருக்கு முன்னால ஏன் வெக்கப்படோணும்" என்று அந்த வழியையும் அடைத்தேன். படிவத்தை மறைத்துவைத்தது ஒரு பாவம் என்றால், இது அதைவிடப் பெரியது. படிவம் உன் வேலையைத்தான் எடுத்தது. இந்தச் சொல் உன் மேல் உனக்கு இருந்த நம்பிக்கையை எடுத்தது.

அந்த விடுமுறையில் நீ என்ன செய்தாய் என்று ஞாபகம் இருக்கிறதா? புதுக் கொப்பிகள் வாங்கிக்கொண்டு வந்து, இரண்டு வருடப் பாடக்குறிப்புகளையும் முதலிலிருந்து எழுதினாய். யாரும் கேட்கவில்லை. கேட்கப்போவதும் இல்லை. சிநேகிதர்கள் திமிங்கிலம் பார்க்கிற படகில் போவோம் வா என்று வந்து கூப்பிட்டார்கள், நீ போகவில்லை. கோடு போடுவாய், எழுதுவாய், ஒரு எழுத்துப் பிசகினால் பக்கத்தையே கிழிப்பாய். நான் குசினியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். உனக்குப் பிடித்த இறால் குழம்பு வைத்தேன். வேறென்ன செய்ய, அதற்குத்தான் எனக்குத் துணிவு வந்தது. "இப்ப வடிவா இருக்கா உம்மா?" என்று ஒரு கொப்பியை நீட்டினாய். "வடிவா இருக்கு" என்றேன். பள்ளியில் எல்லாரும் என்னைப் பாராட்டினார்கள், தாய் வளர்த்த மகன், எவ்வளவு ஒழுங்கு என்று. அது ஒழுங்கில்லை மகன், பயம். அந்தப் பயத்தைப் போட்டவள் நான்.

பிறகு மாலைதீவிலேயே உனக்கு இப்போதைய இடம் கிடைத்தது. இவர்கள் சேவைச் சான்றிதழின் பிரதியை மட்டும் வாங்கிக்கொண்டு, மற்றதை நிரந்தரமாக்கும்போது பார்ப்போம் என்றார்கள். நீ போனாய். உன்னை வழியனுப்ப நான் கட்டுநாயக்கா எயார்போர்ட்டுக்கு வரவில்லை. காய்ச்சல் என்றேன். காய்ச்சல் இல்லை, உன் முன்னால் நின்றால் சொல்லிவிடுவேன் என்ற பயம்தான். இந்த எட்டு மாதம் எப்படிப் போகிறது என்று நீ ஒவ்வொரு கிழமையும் கேட்கிறாய், நான் நல்லாப் போகுது என்கிறேன். நல்லாப் போகவில்லை. ஒரு சுண்டு அரிசி போட்டால் இரண்டு நாளைக்குக் கிடக்கிறது. பள்ளியில் முடிக்கக்கூடிய இடாப்பை வேண்டுமென்றே வீட்டுக்குக் கொண்டுவருகிறேன். பெயர்களைச் சத்தமாக வாசித்து வரவுகளைக் கூட்டுகிறேன், வீட்டில் யாருடைய பெயராவது கேட்கட்டும் என்று. பக்கத்து வீட்டு மாமி ஒருநாள் வேலியால் எட்டிப்பார்த்து, "டீச்சர், ஆரோட கதைக்கிறீங்க?" என்றாள். பிள்ளைகளோடு என்றேன். நான் தனியாக இருக்கப் பயந்துதான் உன்னைப் பிடித்துவைத்தேன். நீ பக்கத்தில் இருந்த அந்த இரண்டு வருடத்தில்தான் நான் இதைவிடத் தனியாக இருந்தேன். உன்னிடம் சொல்ல முடியாத ஒன்றை வைத்துக்கொண்டு உன்னோடு எப்படிக் கதைப்பது?

இப்போது கேள். உன் கோல் வருவதற்கு மூன்று நாளுக்கு முன்னால், செவ்வாய்க்கிழமை, உன் இப்போதைய பள்ளியின் படிவம் என் மேசைக்கு வந்தது. உன்னை நிரந்தரமாக்கி மூன்று வருட ஒப்பந்தம் தரப்போகிறார்கள். அதற்கு முன் பழைய பள்ளியிடம் உறுதிப்படுத்தக் கேட்டிருக்கிறார்கள். இதிலும் அதே பதினான்கு நாள். சேர் இந்த முறையும், "டீச்சர், நீங்களே நிரப்புங்க, நான் கையெழுத்து வச்சிட்டன்" என்றார். உனக்கு இது தெரியாது, அவர்கள் உன்னிடம் சொல்லவில்லை போலிருக்கிறது. நீ என்னவென்றால் சரிவராது, வந்திடவா என்று கேட்கிறாய். நான் வாயைத் திறக்கவே தேவையில்லை. ஓம் மகன், வா என்று சொன்னால் போதும். படிவத்தையும் நிரப்பத் தேவையில்லை. அடுத்த மாதம் இதே மேசையில் இரண்டு தட்டு இருக்கும். அந்தக் கோலில் நான் பேசாமல் இருந்த நேரம் இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு ஆசையாக இருந்தது என்று உனக்குச் சொன்னால் என்னைப் பார்த்துப் பயப்படுவாய்.

சனிக்கிழமை பள்ளிக்குப் போய் அலுமாரியைத் திறந்து உன் பதிவேடுகளை எல்லாம் வெளியே எடுத்தேன். நீ திரும்ப எழுதிய கொப்பிகளை இல்லை, முதல் எழுதியவற்றை. "பதிவேடுகளை ஒழுங்காகப் பேணினாரா" என்ற வரிக்கு ஞாபகத்தில் பதில் எழுதக்கூடாது அல்லவா. கதிரையைப் போட்டுக்கொண்டு பக்கம் பக்கமாகப் பார்த்தேன். வரவில் ஒரு பிழை இல்லை. அந்த மூன்று மாதப் பாடக்குறிப்பு குறைதான், உன் வாப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த மாதங்கள். அதற்கா நான் உன்னை ஏசினேன் என்று திகதியைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. படகு ஓட்டுகிற ஒரு மாணவரின் பெயருக்கு நேரே நீ எழுதியிருந்தாய்: "இன்று முதன்முதலாக, நான் கேட்காமலே, தானாக ஒரு கேள்வி கேட்டார்." இன்னொருவருக்கு: "எழுத்து வராது, ஆனால் கேட்டு விளங்குகிறார். அவசரப்படுத்த வேண்டாம்." இருபத்திரண்டு வருடத்தில் நான் பார்த்த இடாப்புகளில் இப்படி எழுதியவர் ஒருவரும் இல்லை. நீ புதிதாக எழுதிய கொப்பிகளில் இந்த வரிகள் இல்லை மகன். கோடு நேராக இருக்கிறது, எழுத்து முத்து முத்தாக இருக்கிறது, ஆட்களைக் காணவில்லை. அதைப் பார்த்தபோதுதான் நான் உன்னிடமிருந்து எதை எடுத்தேன் என்று விளங்கியது. அலுமாரிக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

படிவத்தை அங்கேயே நிரப்பினேன். எல்லா வரியும் உண்மை. நிரப்பிய பிறகு சேரிடம் கொண்டுபோய், "வாசிச்சிட்டு அதுக்குப் பிறகு இன்னொரு தரம் கையெழுத்து வைங்க சேர்" என்றேன். அதோடு பழைய கதையையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "பிள்ளைக்குச் சொன்னீங்களா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். "எனக்கு முதல் அவனுக்கல்லவா சொல்லியிருக்கோணும்" என்றார். அது சரிதான். படிவம் அன்றைக்கே ஈமெயிலில் போய்விட்டது. வெற்றுத் தாளில் இனிக் கையெழுத்து வைப்பதில்லை என்று அவரும் முடிவெடுத்துவிட்டார், என்னால் பள்ளியில் எல்லா வேலையும் சுணங்குகிறது.

இந்தக் கடிதத்தோடு பழைய படிவத்தையும் வைத்திருக்கிறேன். மூன்று வருடமாக லாச்சியில் கிடந்து மடிப்பில் கிழிந்துவிட்டது. நீ உன் கண்ணால் பார். பத்து வரியும் வெறுமையாக இருக்கின்றன. உன்னைப் பற்றி யாரும் குறையாக ஒன்றும் எழுதவில்லை. ஒன்றுமே எழுதவில்லை. உன் கையில் ஒரு பிழையும் இருக்கவில்லை. இதை மூன்று தரம் வாசி. நீ திரும்பி வர விரும்பினால் வா, இது உன் வீடு, எனக்கு அதைவிடச் சந்தோசம் இல்லை. ஆனால் வேலை சரிவராது என்று வராதே, அது நான் சொன்ன பொய். மன்னிப்புக் கேட்கிறேன் என்று எழுத எனக்கு உரிமை இருக்கிறதா என்றும் தெரியவில்லை. மன்னிப்பு உன் ஹக்கு, உனக்குரியது, அதைத் தருவதும் தராததும் உன் விருப்பம். தராவிட்டாலும் அஸருக்குப் பிறகு கடற்கரைக்குப் போ. ஒரு கொப்பி போதும்.

ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்கிறேன். இதையும் ஈமெயிலில் அனுப்பியிருக்கலாம், இன்றைக்கே உன் கைக்கு வந்திருக்கும். கற்பிட்டித் தபால் கந்தோரில் கேட்டேன், மாலைதீவுக்கு இரண்டு கிழமைக்குக் குறையாது என்றார்கள். அப்படியானால் தபாலிலேயே போகட்டும் என்று சொல்லிவிட்டேன். இரண்டு கிழமை என்றால் இன்னும் இரண்டு வெள்ளி. அந்த இரண்டு வெள்ளியும் நீ ஒன்றும் தெரியாமல் எடுப்பாய், உம்மா என்பாய், நான் சாப்பிட்டேனா என்று கேட்பாய். அதை மட்டும் எனக்கென்று எடுத்துக்கொள்கிறேன். மூன்றாவது வெள்ளியும் ஜும்ஆ முடிகிற நேரம் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இந்த மேசையில்தான் இருப்பேன். அது அடிக்காவிட்டால், கடிதம் உனக்குக் கிடைத்துவிட்டது என்று விளங்கிக்கொள்வேன்.

உம்மா